சிறுமி மாயம்

டீக்கடைத் தொலைக்காட்சியில் அவளுடைய மகன் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சிரித்தான்.

பூச்சடை. நெற்றிச்சுட்டி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

கீழே சிவப்பு எழுத்து ஓடியது: பழனியில் மூன்று வயது சிறுமி மாயம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். சிறுமி என்றுதான் இருந்தது.

போன வாரம் எடுத்த படம் அது. மொட்டை போடுவதற்கு முன்னால் பையனுக்குப் பாவாடை கட்டி, தலைகொள்ளாமல் பூ வைத்து, ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொள்வது எந்த வீட்டில்தான் இல்லை? முகில் அன்று கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே முத்தம் கொடுத்தான்.

காலை எட்டு மணியிலிருந்து அவனைக் காணோம்.

புறக்காவல் நிலையத்தில் உள்ளூர்ச் சேனல்காரர் ஒருவர் பிள்ளையின் படம் கேட்டிருக்கிறார். அவள் கணவன் கைபேசியை நீட்டியிருக்கிறான். கடைசியாக எடுத்த படம் எதுவோ அதைக் காட்டியிருக்கிறான். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தால்தான் தெரிகிறதே.

செய்தி வாசித்த பெண் இன்னொன்றும் சொன்னாள். தாய் செல்போனில் மூழ்கியிருந்தபோது குழந்தை நழுவிவிட்டதாம்.

அவளிடம் செல்போனே கிடையாது.

கணவனும் முடி இறக்கியிருந்தான். அவன் தலையில் சந்தனம் பூசிவிடத்தான் பிள்ளையின் கையை விட்டாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அந்தப் பொய்க்கு அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு ஆயுள் கிடக்கிறது. அவள் எப்படிப்பட்ட தாய் என்று ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். பிள்ளை எப்படியிருப்பான் என்பதையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம்.

கணவன் அந்தச் செய்தியாளரின் எண்ணைப் போட்டுக் கொடுத்தான். அவள்தான் பேசினாள்.

"மாத்திடுறோம்மா, கவலப்படாதீங்க. எண்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க. ஊரே தேடுது."

"எண்பதாயிரம் பேரும் பொம்பளப் பிள்ளையத் தேடுறாங்களே, சார்."

அந்த மனிதரும் பிள்ளை பெற்றவராக இருக்கலாம்.

"மொட்டையோட ஒரு படம் அனுப்புங்கம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

மொட்டையோடு படம் இல்லை.

முடி இறக்கிய பத்து நிமிடத்துக்குள் அவன் தொலைந்துவிட்டான். மொட்டைத் தலையோடு முகில் எப்படியிருப்பான் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவள் கணவன், முடி இறக்கியவர். அவருக்கு அன்று காலையில் மட்டும் நூறு தலை.

அரைமணி கழித்துத் திருத்தினார்கள். சிறுமி என்பது சிறுவன் ஆயிற்று. படம் அதேதான். டீக்கடையில் நின்றவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை.

"எம்புட்டு லச்சணமான பொம்பளப் பிள்ள, பாவம்," என்றார் ஒருவர்.

அவளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

கணவனைக் காவல் நிலையத்தில் இருக்கச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் மொட்டைகள். சந்தனம் பூசிய சின்னச் சின்ன மொட்டைகள். ஒவ்வொரு பிள்ளையையும் ஓடிப்போய்த் திருப்பிப் பார்த்தாள். ஒரு தகப்பன் முறைத்தான். பிள்ளையின் கையை அவன் பிடித்திருந்த பிடியைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

கட்டணக் கழிப்பறை வாசலில் மேசை போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இவள் கேட்கத் தொடங்கியதுமே கைபேசியில் படத்தை எடுத்துக் காட்டினாள்.

"இந்தப் பாப்பாதானே? காலைல இருந்து கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துட்டு இருக்கேன், அம்மிணி."

"பாப்பா இல்லீங்க்கா. பையன். மொட்டைக்கு முன்னாடி எடுத்த படம்."

அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் தன் பையனுக்குப் பாவாடை கட்டி அழகு பார்த்தவள்தான். கைபேசியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"மேல சட்ட இல்லாம... ஊதா டவுசரா?"

ஆமாம் என்று இவள் தலையை ஆட்டினாள்.

"இங்கனதான் நின்னு அழுதான். பன்னு வாங்கிக் குடுத்தேன். டிவில சொல்ற பிள்ளையோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. இது பையனாச்சே, ஆயி அப்பன் பக்கத்துலதான் இருப்பாங்கன்னு..."

முடிக்க முடியாமல் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவளைத் திட்ட இவளுக்கு மனம் வரவில்லை. பசித்த பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்தவள்.

"எப்பங்க்கா? எந்தப் பக்கம் போனான்?"

அந்த அம்மாள் மேசையையும் கைபேசியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இவளுக்கு முன்னால் ஓடினாள். ஓடிக்கொண்டே பேருந்துக்குப் பேருந்து தட்டிக் கத்தினாள்.

"மொட்டப் பையன்! மூணு வயசு! ஊதா டவுசரு, மேல சட்ட இல்ல! அழுதுட்டே போனான், யாராச்சும் பாத்தீங்களா?"

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.