கடைசிப் பக்கத்தில் நாற்பது நிமிடம்

"நீங்க எழுதின பக்கம் எல்லாத்தையும் மறந்துடுதுங்க" என்றபடி நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் அருகில் உட்கார்ந்தாள்.

வீட்டில் மனைவி. அலுவலகத்தில், அவன் எழுதும் கணினி நிரல்களைச் சோதித்துப் பிழை பிடிப்பவள். அங்கே எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி.

அந்தப் பூதக்கண்ணாடியிடமே மூன்று வருடமாக ஒரு பிழையும் சிக்காமல் தப்பித்துவந்தவன் அவன். இன்று சிக்கினால் அத்தனை பெருமையும் கப்பலேறிவிடும்.

கிளை மாற்றம் கேட்கும் ஊழியர்களுக்கான இணைய விண்ணப்பம் அது. ஐந்து பக்கம். யாரோ ஐந்தையும் நிரப்பி, 'அனுப்பு' என்று அழுத்தினால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்துக்கே துரத்துகிறதாம். மூன்று நாளாக இதே கூத்து.

அவன் சிரித்தான். பக்கம் எதை மறப்பது? யாராவது கேட்டால் அது பிறக்கும், பதிலைக் கொடுத்ததும் அதன் ஆயுசு முடிந்தது. அடுத்து வருவது அதே முகத்தோடு வேறொன்று. ஞாபகம் எல்லாம் செர்வர் என்கிற மையக் கணினியில் ஆளுக்கொன்றாக இருக்கும் 'செஷன்' என்ற தற்காலிகக் குறிப்பில். இருபது நிமிடம் யாரும் தொடாமல் விட்டால்தான் அது கலையும்.

"பக்கத்து மேல பழி போடாத. ஆள் தூங்கியிருப்பாரு."

சொன்ன கையோடு செர்வர் பதிவேட்டைத் திறந்தான். அவன் சொன்னதுதான். முதல் நாள், கடைசிப் பக்கம் திறந்து நாற்பத்தொரு நிமிடம் கழித்துத்தான் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். மறுநாள் முப்பத்தெட்டு. நேற்று ஐம்பத்திரண்டு.

வெற்றியோடு திரும்பப் போனவன் ஊழியர் எண்ணைப் பார்த்தான்.

குடும்பக் காப்பீட்டுப் படிவத்தில் வருடாவருடம் அவள் பெயருக்கு நேரே அவன் கையாலேயே எழுதும் எண் அது.

ஆறு மாதம் முன்பு சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். கடல் தாண்டிய கிளையில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர் தேடுகிறார்கள், இரண்டு வருடம், எனக்கு ஆசையாக இருக்கிறது என்று. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனான். அதற்குப் பிறகு அவன் பார்க்கவே இல்லை.

இருபது நிமிடக் கணக்கு அவளுக்குத் தெரியாததல்ல. அதைச் சோதித்து ஒப்புதல் போட்டவளே அவள்தான். தெரிந்தே மூன்று நாளும் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதைப் பிழைன்னு பதியவா, வேண்டாமா?"

விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"பதிஞ்சுக்க. மறந்தது நான்தான். முதல்ல இதை நிரப்பு, கூடவே இருக்கேன்."

ஐந்து பக்கமும் அவளுக்கு மனப்பாடம். நாலாவது நிமிடத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.