நாலாவது மூலை

உத்தரம் மறுபடியும் மட்டமாகப் படுத்துக்கொண்டது.

அவள் கணினித் திரையை முறைத்தாள்.

கடல் பக்கம் தாழ்ந்து, சாலைப் பக்கம் உயர்ந்து, ஒரே சரிவாக இறங்க வேண்டிய கூரை. மீன் ஏலக்கூடத்துக்கு. நான்கு மூலையிலும் கான்கிரீட் தூண்கள், அவற்றின் மேல் இரும்பு உத்தரங்கள். காகிதத்தில் பென்சிலால் இழுத்தால் ஒரு கோடு. மென்பொருளுக்கு மட்டும் அது புரியவே இல்லை. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை கழன்றது. அதைப் பிடித்து ஒட்டினால் குறுக்குச் சட்டங்கள் சரிவோடு சாயாமல், போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன.

அழித்தாள். வரைந்தாள். அழித்தாள்.

"மட்டமா வரைஞ்சு உட்ரு சுகிர்தா," என்றார் பக்கத்து மேசை கனகசபை. அலுவலகத்தில் மூத்தவர். "சாய்வுன்னு ஓரத்துல ஒரு வரி எழுதீட்டாப் போதும். எல்லாரும் அப்பிடித்தான் பண்றோம்."

தலையாட்டினாள். கை கேட்கவில்லை.

மட்டமாக வரைந்தால் இரும்பின் நீளம் குறையும். கட்டுகிற இடத்தில் யாரோ ஒருவர் உயரத்தில் உத்தரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எட்டவில்லையே என்று நிற்பார்.

டீ வந்தது. ஆறியது. ஆடை படிந்தது.

அப்போதுதான் தோன்றியது.

உத்தரத்தை எதற்குச் சாய்க்க வேண்டும்?

தரையைச் சாய்த்தால் என்ன?

மென்பொருளில் எதையும் ஒரு தளத்தின் மேல்தான் வரைய முடியும். இதுவரை அந்தத் தளம் தரை போல மட்டமாகவே கிடந்தது. அவள் மூன்று தூண்களின் உச்சியைத் தொட்டாள். சாய்த்து வைத்த பலகை போலப் புதிய தளம் ஒன்று அவற்றின் மேல் விரிந்தது.

இனி இதுதான் தரை.

வரைந்தாள்.

படுத்தது. சரிவோடு ஒட்டிப் படுத்தது!

அடுத்தது. அதற்கடுத்தது. குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து வரிசையில் சேர்ந்தன. உட்கார முடியவில்லை அவளுக்கு. எழுந்து நின்றே மவுஸைச் சொடுக்கினாள்.

"வந்துருச்சு!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

கூரையைச் சுழற்றினாள். மேலிருந்து பார்த்தாள். கீழே போய் அண்ணாந்து பார்த்தாள். வெறும் இரும்புதான். ஆனாலும் என்ன அழகு!

நாலாவது மூலைக்கு வந்தபோது கை நின்றது.

உத்தரம் தூணைத் தொடவில்லை. இடையில் வெளி தெரிந்தது.

அளந்தாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

மென்பொருளைத்தான் முதலில் திட்டினாள். பிறகு தூண்களின் வரைபடத்தைத் திறந்தாள். கடல் பக்கத் தூண்கள் இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்றில் நாலு புள்ளி ஐந்து மூன்று மீட்டர். தெற்கு மூலையில் இருந்த மற்றதில் நாலு புள்ளி மூன்று ஐந்து.

யாரோ இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். அதன் கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பயமா, சந்தோஷமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சார், கடல் பக்கத் தூணுக்கு எப்ப கான்கிரீட் ஊத்தறாங்க?"

"இன்னிக்குத்தான். இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்களே."

சொல்லிக்கொண்டே எழுந்து வந்தார் கனகசபை. திரையைப் பார்த்தார். அந்த இடைவெளியைப் பார்த்தார். கட்டட இடத்துப் பொறியாளர் பிரிட்டோவின் எண்ணை அழுத்தி, போனை அவளிடமே நீட்டினார்.

பிரிட்டோ எடுத்தான். பின்னால் கலவை இயந்திரம் இரைந்தது.

"ஆரு? ஒண்ணும் கேக்கல்ல. இங்க ஒரே சத்தமா கெடக்கு."

"சுகிர்தா பேசறேன். தெக்கு மூலைத் தூணை ஊத்தாதீங்க. உயரம் தப்பு!"

"என்னது?"

"நிறுத்துங்க!"

கோயம்புத்தூரில் ஒரு மாடியில் நின்றுகொண்டு கத்தினாள். வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

யாரோ ஓடும் சத்தம். ஓர் அதட்டல்.

இயந்திரம் இருமியது. இருமி நின்றது.

பிரிட்டோ மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஊத்தல்ல மேடம். கலவைச் சட்டியத் தூக்குன நேரத்துல சொன்னிய."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போனுக்குள் வேறோர் இரைச்சல் கேட்டது. எழுந்தது, சரிந்தது, மறுபடி எழுந்தது. இவ்வளவு நேரமும் இயந்திரத்துக்குப் பின்னால் அது இருந்திருக்க வேண்டும்.

மாதக்கணக்காக அந்தக் கட்டடத்தை வரைகிறாள். ஒரு நாளும் அங்கே போனதில்லை.

கடல் இவ்வளவு பக்கத்திலா!

போனை மேசை மேல் வைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.