கிளிப் அடிக்காத வயர்

சுலோஜனாவின் புதிய தையல் கடைக்கு மின் இணைப்புக் கொடுக்குமுன் வயரிங்கைப் பார்க்க வந்த பரிசோதகர் அருளானந்தம் முகம் சுளித்தார்.

“தோள் உயரம் வரைக்கும் சாணுக்கொரு கிளிப் வடிவா அடிச்சிருக்கு. அதுக்கு மேல கூரை வரைக்கும் வயர் சும்மா தொங்குது. ஆரு இந்தச் சோம்பேறி?”

தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த சுலோஜனா எழும்பவில்லை.

“வயர இழுத்தது தம்பி, சேர். கிளிப் அடிக்க முதல் அவனுக்குக் கட்டார் விசா வந்திற்று.”

“அப்ப கீழ அடிச்சது?”

“நான்தான்.”

“இவ்வளவு வடிவா அடிச்ச நீங்க மிச்சத்த ஏன் விட்டீங்க?”

மெஷினுக்குப் பின்னாலிருந்து அவளுடைய சக்கர நாற்காலி மெல்ல வெளியே வந்தது. சுவரருகே நிறுத்திக் கையை உயர்த்தினாள். விரல் நுனி கடைசிக் கிளிப்பில் முட்டி நின்றது.

அருளானந்தம் படிவத்தை மெஷின்மேல் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்தார்.

“சுத்தியலத் தாங்க, பிள்ள.”