நாற்பத்து மூன்று ஸிப் பைல்கள்

"அதைத் திறந்தீங்கன்னா லப்டொப்பே போயிரும்" என்று சொல்லி, ரொஷேலின் கைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் புஷ்பராஜ் தன் தேநீர்க் கோப்பையை வைத்தான்.

ரொஷேல் கோப்பையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "வைரஸா?"

"வைரஸ் மாதிரிதாங்க. பெக்கப் ஸிப் எல்லாம் உள்ளுக்குள்ள உடைஞ்சு கெடக்கு. நானே சரி பண்ணித் தர்றேன்."

"மூணு மணிக்குக் கப்பல் கொம்பனிக்காரர் லைன்ல வருவாங்க. ஏதாவதொரு ஸிப்பைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறாங்க. இப்ப ரெண்டரை."

"அரை மணித்தியாலம் போதுங்க."

உண்மையில் ஸிப்பில் ஒரு பழுதும் இல்லை. அதற்குள் ஒரு காதல் கடிதம் இருந்தது, அவ்வளவுதான். அதுவும் ரொஷேலுக்கு எழுதியது.

வெள்ளவத்தையில், புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒபிஸில் இருவரும் எதிரெதிர் மேசை. புஷ்பராஜ் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். வேலை நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்கு, அது கப்பல் கொம்பனியின் வேலை இருக்கும் போல்டரை அப்படியே ஒரு ஸிப்பாகக் கட்டி, திகதியைப் பெயராக வைத்து, டீம் லீடரான ரொஷேலின் லப்டொப்புக்கு அனுப்பிவிடும். நாற்பத்து மூன்று சேர்ந்திருந்தன. ஒபிஸ் தீப்பிடித்தாலொழிய பெக்கப்பை எவரும் திறப்பதில்லை என்பது அவன் நம்பிக்கை.

கடிதமும் அதே போல்டரில்தான் இருந்தது. முதலாளி நோபேட் சேர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் வேலை நடப்பது போலத் தெரியும் என்று, 'பழைய செட்டிங்ஸ்' என்று பெயர் வைத்து அங்கே ஒளித்திருந்தான். இரண்டு மாதமாகத் தினமும் அழித்து அழித்து எழுதினான். முதல்நாள் எழுதியது லீவுக் கடிதம் மாதிரி "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கியது. அதிலிருந்து மனிதர் பேசும் பாஷைக்கு இறங்கி வரவே மூன்று கிழமை பிடித்தது. அதற்குப் பிறகு, தனக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பது வரை ஒளிவுமறைவில்லாமல் கொட்டிவிட்டான்.

கொடுக்கத்தான் துணிவு வரவில்லை. அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவன் பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மட்டக்குளியில் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவன். அவள் ஒருதரம் சிரித்துவிட்டால் போதும், மறுநாள் எதிரே வந்து உட்கார முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

போதாததற்கு, ரொஷேலின் அம்மா மேபல் அன்ட்டி ஒரு மாதமாக அவனுக்கும் சோற்றுப் பார்சல் கொடுத்தனுப்புகிறார். ரொஷேலின் பார்சலைப் பிரித்தால் கருவாடு மணக்கும், அவனுடையதில் முட்டைப் பொரியல் இருக்கும். கருவாடு ஆகாத அவன், நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவான். அந்தப் பார்சலுக்கும் சேர்த்தே இன்றைக்கு ஆபத்து வந்திருந்தது.

லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து, பதினொரு வரியில் ஒரு புரோகிராம் எழுதினான். ஒவ்வொரு ஸிப்பாகத் திறக்க வேண்டும், 'பழைய செட்டிங்ஸ்' இருந்தால் எடுத்துவிட வேண்டும், திரும்பக் கட்டி வைக்க வேண்டும்.

"ஏன் இப்பிடி வேர்க்குது? ஏசி ஓடுதுதானே" என்றாள் ரொஷேல்.

"மலநாட்டு ஒடம்புங்க. கொழும்புச் சூடு தாங்காது."

"மூணு வருசமா தாங்கினீங்க."

அவன் புரோகிராமை ஓட விட்டான். ஒரு ஸிப்பையும் தொடாமலே 'முடிந்தது' என்று திரையில் வந்து விழுந்தது. ஒவ்வொன்றும் முடியும் வரை காத்திரு என்று சொல்ல மறந்திருந்தான்.

"நோபேட் சேர் மாதிரியே இருக்கு" என்றாள் அவள். "தொடங்க முதலே முடிஞ்சுதாம்."

சிரிக்க அவனுக்கு நேரமில்லை. விட்ட சொல்லைச் சேர்த்து மறுபடி ஓட விட்டான். இந்தமுறை திகதிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பத்து. இருபது. முப்பதாவதில் கொஞ்சம் நின்று அவன் உயிரை எடுத்துவிட்டு மறுபடி நகர்ந்தது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நாற்பத்து மூன்றும் முடிந்தன.

நடுவிலிருந்த ஒன்றைத் திறந்து பார்த்தான். வேலை எல்லாம் பத்திரமாக இருந்தது, கடிதம் இல்லை. தன்னிடமிருந்த பிரதியை, ஸிப்பைத் திறக்கப் போகிற செய்தி கேட்டதுமே அழித்திருந்தான். இரண்டு மாத எழுத்து உலகத்தில் எங்குமே இல்லை. செத்த வீட்டுக்குப் போய்வந்து தலைமுழுகியவன் மாதிரி, நிம்மதியாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

"இனி எதை வேணும்னாலும் தெறந்து காட்டுங்க" என்று எழுந்தான்.

ரொஷேல் திரையை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். "எல்லாத்திலயும் கை வச்சிட்டீங்களா?"

"ஓமுங்க. ஒண்ணு விடல."

"போன மாசம் பதினேழாம் திகதி ஸிப்பிலயும்?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று ஜன்னல்களை உதறிக்கொண்டு போயிற்று. சத்தம் அடங்கும் வரை ரொஷேல் காத்திருந்தாள்.

"சரி விடுங்க. அம்மாட்ட பிரின்ட் இருக்கு."