நாளைக்கு என்ன வார்த்தை?

"பாதிரியார் வீனோ... அப்படின்னா... பாதிரியார் ஒயினா?"

ஹால்வோர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். நார்வேக்காரர். ஸ்பெயினில் இந்த ஊருக்கு வந்து குடியேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தினமும் மதியம் கசில்தாவின் ஒயின் கடைக்கு வருவார். ஒரு ஸ்பானிஷ் வார்த்தைக்காவது அர்த்தம் கேட்காமல் போகமாட்டார்.

கசில்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஐயோ, பாவம் பாதிரியார்! 'வீனோ'ன்னா ஒயின். 'வீனோ'ன்னா வந்தார்னும் அர்த்தம். பொருளுக்கும் அதே வார்த்தை, செயலுக்கும் அதே வார்த்தை."

"எது... எப்போ? எப்படித் தெரியும்?"

கோப்பையில் ஒயினை ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினாள். "இது வீனோ." பிறகு வாசலைக் காட்டினாள். "அந்த வழியா உள்ள வந்தீங்களே, அது 'ஹால்வோர் வீனோ'. புரியுதா?"

அவர் கோப்பையையும் வாசலையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சொல்லிப் பார்த்தார். தப்பாகத்தான் சொன்னார். கசில்தா சலிக்காமல் திருத்தினாள்.

பக்கத்து ஸ்டூலில் பேக்கரி உர்பானோ, வாய் நிறைய ஆலிவோடு மாமியார் ஜோக் ஒன்றை எடுத்துவிட்டான். அவன் பேச்சு உள்ளூர்க்காரர்களுக்கே பாதிதான் புரியும். ஹால்வோர் சிரித்தார். கடையே சிரித்தது.

கிளம்பும்போது, "நாளைக்கு... என்ன வார்த்தை?" என்றார்.

கசில்தா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்து வெளியே போனார்.

சமையலறையிலிருந்து தங்கை எலோயிசா கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"அக்கா, அந்த ஆள் சரியான ஃபிராடு! காலையில சந்தையில பார்த்தேன். மத்தி அழுகிப்போச்சுன்னு மீன்காரியோட என்னமா மல்லுக்கட்டுறான் தெரியுமா? தண்ணி பட்ட பாடா ஸ்பானிஷ் பேசறான்! மீன்காரியே வாயடைச்சுப் போயிட்டா!"

கசில்தா கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னடான்னா மத்தியானமானா லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. உன்னை முட்டாளாக்கிட்டு இருக்கான். நாளைக்கு வரட்டும், மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்!"

"அடியே, கேட்டுத் தொலைச்சிடாதே! வெக்கப்பட்டுக்கிட்டு அப்புறம் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டாரு."

எலோயிசாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "அப்போ... உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். அன்னைக்கும் உர்பானோவோட ஜோக்குக்கு நமக்கெல்லாம் முன்னாடி சிரிச்சது யாரு?"

"பின்னே எதுக்குக்கா இந்தப் பாடம்?"

கசில்தா துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள்.

"நாளைக்கு 'பெஸோ'. அதுவும் இதே மாதிரி வார்த்தைதான். முத்தம்னும் அர்த்தம், முத்தம் குடுக்கறேன்னும் அர்த்தம். அதை வாயால விளக்க வராது, செஞ்சுதான் காட்டணும்னு அவர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன்."