பிடி தளரும் நேரம்

கோமளா தந்த சிறுநீரகத்தைக் கணவன் சிவநேசனின் உடம்பு ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது. அவன் கையில் ஸ்டீராய்டு சொட்டுச்சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பெனாசிர் தன் ஆய்வகத்தில் எடுத்த படத்தை மடிக்கணினியில் காட்டினார். அதில் கோமளாவின் திசுவின்மேல் அவனுடைய வெள்ளணுக்கள் உருண்டோடின. ஆபத்து என்று உடம்பில் சமிக்ஞை தரும் திரவத்தை ஊற்றியதும் ஒவ்வொன்றாக நின்று, தட்டையாகி, அவளைக் கவ்விக்கொண்டன.

“பொண்ணு பாக்க வந்தப்பகூட இவரு இவ்வளவு கிட்ட வரல டாக்டர்!” என்றாள் கோமளா.

“இப்ப இந்தப் படத்துல மருந்து விடுறோம், பாருங்க.”

யாரோ காதில் சமாதானம் சொன்னதுபோல, அவை மெல்லப் பிடி தளர்ந்து, மறுபடி உருண்டையாகி, ஓட்டத்தோடு போயின. கோமளா, மருந்து ஏறும் அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத இத்தனை கைகளா இவருக்குள்!

“இவருக்குள்ளயும் இப்படியே விட்டுடுமா?”

“விடணும். ரெண்டு நாள்ல தெரியும்.”

“உன்ன விடுன்னு சொல்ல எனக்கு மருந்து ஏத்த வேண்டியிருக்கு பாரு,” என்று சிரித்த சிவநேசன், சட்டென்று குனிந்து பார்த்தான். “கோமு, கைய எடு. நீ அழுத்துறதுல மருந்து இறங்கல.”

குழாயில் சொட்டு நின்றிருந்தது. அவள் அவசரமாக விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஒரு விரல்தான் வந்தது.