நிற அகராதியும் சுவை அகராதியும்

பைத்தான் என்னும் மலைப்பாம்பு, அண்ணன் அகராதியைப் பழங்களின் நிறத்துக்கும் தம்பி அகராதியைச் சுவைக்கும் வைத்திருந்தது.

"பழங்கள் ஒரே ஒரு தடவைதான் இந்தப் பக்கம் வரும். ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதிக்குங்கடா. காலியா நிக்கிறவனை அழிச்சிடுவேன்!" என்றது பாம்பு.

"கூட்டு வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாதுப்பா," என்று அண்ணன் தம்பியை ஓரங்கட்டிவிட்டு முன்னால் நின்றது. வாழை, நாவல், மாம்பழம் எல்லாம் அதனிடம் நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டின.

"அண்ணே, என்கிட்ட யாருமே வரலியே?"

"உன் ராசி அப்படி, போடா."

பாம்பு சொன்னபடியே தம்பியை அழித்தது. அண்ணனுக்கு உள்ளூர ஒரே குஷி. இனி யார் எது கேட்டாலும் தன்னிடம்தானே வரவேண்டும்!

முதல் ஆளாக ஒரு குரங்கு வந்தது. "ஐயா, மாம்பழம் இனிக்குமா, புளிக்குமா?"

அண்ணன் கம்பீரமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"மஞ்சளா இருக்கும்."